பால் வண்டியிலிருந்து சின்னத்திரைக்கு வந்த பென்னி ஹில்

1924-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த ஆல்ஃபிரட் ஹில், இளமையில் குதிரை வண்டியில் பால் விற்றவர். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னி மீதிருந்த பற்றால் பென்னி ஹில் ஆனார்.

1955-இல் பிபிசியில் தொடங்கிய அவரது நிகழ்ச்சி, 1969-இல் தேம்ஸ் தொலைக்காட்சிக்கு மாறியது. பேச்சு குறைவு, ஓட்டமும் துரத்தலும் அதிகம். மொழி புரியாதவர்களும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பால்காரரைப் பற்றி அவர் பாடிய பாட்டு 1971 கிறிஸ்துமஸில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

அரைகுறை ஆடைப் பெண்களை வைத்தா சிரிக்க வைப்பது என்ற கண்டனம் பின்னர் வலுத்தது. அதில் நியாயமும் இருந்தது. வெளிநாடுகளில் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1989-இல் தேம்ஸ் அவரைக் கைவிட்டது.

பணம் குவிந்தும் சொந்தக் கார் வாங்காதவர், திருமணமும் செய்யவில்லை. 1992 ஏப்ரலில், டெடிங்டனில், தேம்ஸ் படப்பிடிப்பு அரங்கம் இருந்த அதே ஊரில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் இறந்து கிடந்தார். உடனே யாருக்கும் தெரியவில்லை.