கிராமம் கண்ட குமரப்பா

அடிமைத்தளை அறுந்தவுடன் ஒரு நாடு தன்னிலை எய்திவிடுமா? கொடி மாறியது, ஆட்சி மாறியது, ஆனால் உண்ணும் உணவும், உடுக்கும் உடையும், செய்யும் தொழிலும் யாருடையவை? இக்கேள்வியை இறுதிவரை விடாமல் கேட்ட தமிழர் ஒருவர் உண்டு. அவரே ஜே. சி. குமரப்பா.

1892 ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சையில் கிறிஸ்துவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ் என்பது அன்று அவருக்கு வழங்கிய பெயர். லண்டனில் பயின்று பட்டயக் கணக்கரானார். பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் கற்றார். இந்தியா ஏன் ஏழையாயிற்று என்று ஆராயப் புகுந்தவர், ஆங்கில அரசின் வரவு செலவுக் கணக்கிலேயே விடை கண்டார். ஐந்தொகை பார்த்துப் பழகிய கண்ணல்லவா!

1929 மே மாதம் அவர் மேனாட்டு உடையில் சபர்மதிக்குச் சென்றார். அங்கே மரத்தடியில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவரே காந்தியடிகள் என்றறிந்ததும், அவ்வுடையோடே தாமும் தரையில் அமர்ந்தார். அன்று தொடங்கிற்று அவரது மறுபிறவி. கதர் பூண்டார், குமரப்பா என்னும் குடும்பப் பெயரை ஏற்றார், சிறை புகுந்தார்.

கணக்கில் மட்டும் அவர் பழைய கணக்கரே. 1934-இல் பீகார் நிலநடுக்க நிவாரணப் பணியில், ஊழியர் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று வரையறுத்தார். காந்தியடிகளின் குழுவினர் வந்தபோதும் அவ்விதியைத் தளர்த்தினாரில்லை.

அவ்வாண்டே தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. வார்தாவில் செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு ஆகியவற்றைப் பேணினார். இது பழமைப் பித்தன்று. ஆலையில் தீட்டிய அரிசி தவிட்டோடு பி-வைட்டமினையும் இழக்கிறது. உரலை இழந்தவளோ கூலியை இழக்கிறாள். இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதியவர் அவர்.

ஜபல்பூர்ச் சிறையில் அவர் எழுதி 1945-இல் வெளியான, நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் இயற்கையையே ஆசானாகக் கொண்டது. ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தோப்பைச் சூறையாடும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாத தாய் என ஐந்து படிகளாக மனித வாழ்வை அளந்தார். நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறையும் என்பதை அன்றே எச்சரித்தார்.

விடுதலைக்குப்பின், அவர் தலைமையேற்ற காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழு, உழுபவனுக்கே நிலம் வேண்டுமென 1949-இல் அறிக்கை தந்தது. ஆனால் நாடு பேராலைகளின் வழியே சென்றது. தோழர்கள் பலர் பதவியேற்க, அவர் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் காந்தி நிகேதனத்தில் தங்கினார். 1960 ஜனவரி 30-இல், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், மறைந்தார்.

நண்பர்களே! வேதியியல் பயிலும் நான் அவர் சொன்னதனைத்தையும் ஏற்பவனல்லன். என் ஆய்வுக்கூடம் மின்சாரமின்றி ஒரு நாளும் இயங்காது. எனினும், எங்கள் ஊர்ச் செக்கு நான் பிறக்குமுன்பே நின்றுவிட்டது. செக்காட்டியவரின் மகன் வேலை தேடி வெளியூர் போனார். நான் படிப்புத் தேடி இங்கு வந்தேன். ஆண்டுதோறும் நம் சங்கப் பொங்கலன்று வேட்டி கட்டி மேடையேறுகிறோம். பண்பாடு அந்த ஒருநாள் வேட்டியில் மட்டுமா இருக்கிறது? அதை நெய்தவர் வீட்டில் அன்று உலை கொதித்ததா என்றும் கேட்கச் சொல்கிறது குமரப்பாவின் வாழ்வு.