பாட்டுக்கார பெரிய மேரி

நான் எழுதப்போவது ஸ்காட்லாந்து நாட்டு மேரி மெக்ஃபர்சன் பற்றி. ஆள் வாட்டசாட்டம், அதனால ஊரே பாட்டுக்கார பெரிய மேரின்னு கூப்பிட்டது.

1821-ல் ஸ்கை தீவில் பிறந்தவர். செருப்புத் தைப்பவரைக் கட்டிக்கொண்டு இன்வர்னஸ் ஊரில் குடும்பம் நடத்தினார். 1871-ல் கணவர் இறந்துட்டார். பிள்ளைகளுக்காக ஒரு வீட்டு வேலைக்குப் போனார். அங்கே அந்த வீட்டம்மா துணியைத் திருடியதாகப் பழி, 40 நாள் ஜெயில். திருடலைன்னு கடைசி வரை சொன்னார், ஜனங்களும் நம்பினாங்க. அந்த அவமானத்தில்தான் பாட்டுக் கட்ட ஆரம்பிச்சார். அப்போ வயசு ஐம்பது! அதுக்கப்புறம் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் நர்சு வேலையும் பிரசவம் பார்க்கவும் படிச்சு சான்றிதழ் வாங்கினார். பேத்தி எடுக்கிற வயசில படிப்பு, யோசிச்சுப் பாருங்க.

அந்தத் தீவில் நிலமெல்லாம் ஜமீன்தார் கையில். ஏழைகள் துண்டு நிலத்துக்கு வாடகை கட்டிப் பயிர் வெச்சாங்க. பிரேஸ் பகுதி ஜனங்க, பறிபோன மேய்ச்சல் மலையைத் திருப்பிக் கேட்டு வாடகையை நிறுத்தினாங்க. 1882-ல் அவங்களைப் பிடிக்க கிளாஸ்கோவிலிருந்து சுமார் 50 போலீஸ் வந்தப்போ, பெண்களும் முன்னால் நின்னு கல்லெறிந்தாங்க. மேரி அதைப் பாட்டாக்கி, கூட்டங்களில் பாடினார். 1886-ல் சட்டம் வந்தது. ஒழுங்கா வாடகை கட்டுறவரை இனி துரத்த முடியாது.

கேலிக் அவர் தாய்மொழி, ஆனா அதில் எழுத வராது. மனப்பாடமா ஆயிரக்கணக்கான வரிகளைச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதி, 1891-ல் புத்தகமாச்சு. 1898-ல் இறந்தார். ஜெயிலில் போட்ட அதே இன்வர்னஸில், கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தாங்க.