போர்ட்ஸ்மத் நகரத்துச் செம்மான் ஜான் பவுண்ட்ஸ்

அறஞ்செய்தற்குப் பெரும்பொருள் வேண்டுமென்பது உலகத்தாருட் பலர் கொண்டுள்ள கருத்து. சத்திரங் கட்டினோரும், குளந்தொட்டோரும், கல்லூரி நிறுவினோருமே வள்ளல்களென வரலாற்றிற் போற்றப்படுகின்றனர். அவர்தம் புகழைக் குறைத்துக் கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும், கையிற் பொருளும் ஊரில் உயர்நிலையும் இன்றி, உடலும் ஊனமுற்ற ஒருவர், தம் சிறு கடையையே அறச்சாலையாக்கி, எளியோர் மக்களின் கல்விக்கு வழிகாட்டினார் என்பது வியப்பன்றோ? இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மத் நகரிற் செருப்புத் தைத்து வாழ்ந்த ஜான் பவுண்ட்ஸ் என்பாரே அவர். அன்னாரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

பவுண்ட்ஸ் 1766-ஆம் ஆண்டில் அந்நகரிற் பிறந்தார். தந்தையார் அரசினர் கப்பற்றுறையில் மரமறுக்குந் தொழிலினர். மைந்தரும் பன்னிரண்டாம் வயதில் அத்துறையிலேயே கப்பல் கட்டுந் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். மூன்றாண்டு கழிந்தபின், கப்பல்களைப் பழுதுபார்க்கும் ஆழ்ந்த துறையொன்றனுள் தவறி வீழ்ந்து தொடையெலும்பு முறிந்தார். உயிர் பிழைத்தாரேனும் உடல் கோணி வாழ்நாள் முழுவதும் ஊனமுற்றவரானார். பதினைந்து வயதில் தொழிலும் போயிற்று, எதிர்காலமும் இருண்டது. வேறொருவராயின் தம் ஊழை நொந்து பிறர் இரக்கத்தில் வாழ்ந்திருப்பர். இவரோ முதியவர் ஒருவரை அடுத்துச் செருப்புத் தொழில் கற்றார். எழுத்தறிவையும் தம் முயற்சியாலேயே பெருக்கிக்கொண்டார். 1803-ஆம் ஆண்டளவில் செயின்ட் மேரி தெருவில் தமக்கெனச் சிறு கடையொன்று அமைத்தார். புதுமிதியடி செய்தலினும் பழையன பழுதுபார்த்தலே அவர் பிழைப்பு. அதனால் வரும் ஊதியம் எத்துணைச் சிறிதென்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

இவர் மணஞ் செய்துகொள்ளவில்லை. கடலோடியாகிய உடன்பிறந்தாரின் மகனொருவனைத் தம்முடன் வைத்து வளர்த்தார். அக்குழந்தையின் பாதங்கள் உட்புறம் வளைந்து ஒன்றன்மேலொன்று ஏறியிருந்தன. மருத்துவர் மற்றொரு குழந்தைக்கு அமைத்த கருவியைக் கண்டு, பழஞ்செருப்பையும் தோலையுங் கொண்டு அதனைப்போன்றதொன்று தாமே செய்து பொருத்தி, அக்கால்களை நிமிரச் செய்தார். பின்னர் அவனுக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கியபோது, தனியே கற்பதினும் துணையோடு கற்றல் நன்றெனக் கருதித் தெருவிற் பலகாரம் விற்றுப் பிழைத்த ஏழைத்தாய் ஒருத்தியின் குழந்தையையும் சேர்த்துக்கொண்டார். இருவர் பலராயினர். 1818-ஆம் ஆண்டளவில் தொடங்கிய இப்பள்ளியில் ஒரே காலத்தில் நாற்பது சிறாரளவும் பயின்றனர்.

அப்பள்ளியின் அமைப்பு என்னை? ஆறடி அகலமும் ஏறத்தாழப் பதினெட்டடி நீளமுமுள்ள அக்கடையே பள்ளி. ஆசிரியர் நடுவே அமர்ந்து மடிமேல் வைத்த செருப்பைத் தைத்துக்கொண்டே பாடங் கேட்பார். அவர் வளர்த்த பூனையும் பறவைகளும் அவரைச் சூழ்ந்திருக்கும். பலகை வாங்கப் பணமில்லை. ஆதலின் ஓரிரு உடைந்த கற்பலகைகளும், தெருவிற் பெற்ற விளம்பரத்தாள்களும், கிழிந்த ஏடுகளுமே பாடநூல்களாயின. சின்னஞ்சிறார்க்கு அவர்தம் கையையே தொட்டுக் காட்டிப் பெயர் கேட்டு எழுத்துக்கூட்டச் செய்வார். மூத்தோர்க்குக் கணக்கும், அவற்றுடன் உணவு சமைத்தலும் செருப்புச் செப்பனிடலும் கற்பிப்பார். விளையாட்டுப் பொருள்களும் தாமே செய்து கொடுப்பார். விடுமுறையில் அவர்களை ஊர்ப்புறத்துக் குன்றுக்கு அழைத்துச் செல்வார். ஞாயிறுதோறும் ஆலயஞ் செல்லுதற்குரிய நல்லாடைகளைப் பிறரிடம் பெற்றுத் தம்மிடம் வைத்திருந்து, காலையில் உடுத்தி மாலையில் வாங்கி வைப்பாராம்.

இடம் போதாமையால் எல்லோரையுஞ் சேர்த்தல் இயலாதாயிற்று. அப்போழ்து அவர் யாரைத் தேர்ந்தனர் என்பதிலேயே அவருள்ளம் புலனாகின்றது. நல்லொழுக்கமும் கூர்த்த மதியும் உடையாரை நாடினாரல்லர். ஊரார் வெறுத்துத் துரத்திய முரட்டுப் பிள்ளைகளையே முதற்கண் நாடினார். துறைமுகத் தெருக்களிற் சென்று, வாராது ஓடுவோரைச் சுட்ட உருளைக்கிழங்கைக் காட்டித் தொடர்ந்து அழைத்து வருவார். அவர்க்குக் கட்டணமென எவரும் ஒரு காசுங் கொடுத்திலர், அவரும் வேண்டிற்றிலர்.

1839-ஆம் ஆண்டு ஜனவரி முதல்நாட் காலையில், சிறுவனொருவனுடன் எட்வர்ட் கார்ட்டர் என்னும் செல்வர் இல்லஞ் சென்றார். ஷீஃப் என்பவர் வரைந்த தம் கடைப்பள்ளியின் ஓவியம் அங்கிருந்தது. அதனைக் கண்டு மகிழ்ந்திருந்தவர் திடீரென வீழ்ந்து உயிர் நீத்தார். வயது எழுபத்திரண்டு. மறுநாள் முதல் அக்குழந்தைகட்குப் பள்ளியில்லை, பசிக்கு உணவளிப்பாருமில்லை. ஒருவரையே தூணாகக் கொண்ட அறம் அவருடன் சாயும் என்னுங் குறை இவர் வாழ்விலும் காணப்படுகின்றது. இதனை மறைத்தல் வேண்டா.

எனினும் விதை அழியவில்லை. ஸ்காட்லாந்து நாட்டுப் போதகர் தாமஸ் கத்ரி என்பார் ஒரு விடுதியிற் கண்ட படத்தால் பவுண்ட்ஸின் தொண்டை அறிந்து உள்ளமுருகி, 1847-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரிற் கந்தையுடுத்த சிறார்க்கெனப் பள்ளி நிறுவினார். இலண்டன் மாநகரில் அத்தகைய பள்ளிகள் 1844-ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கமாக இணைந்திருந்தன. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அதன் தலைவராய் உழைத்தார். தனிமனிதர் தொண்டாகத் தொடங்கியதை அரசும் தன் கடனென ஏற்கும் நிலை 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் உண்டாயிற்று. பவுண்ட்ஸ் அடக்கம் பண்ணப்பட்ட ஆலயம் 1941-ஆம் ஆண்டில் குண்டுவீச்சால் அழிந்தது. பின்னர் அவர் நினைவாகவே மீண்டும் எழுந்தது.

கல்லூரியிற் பயிலும் நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பட்டம் பெற்றபின் தொண்டு செய்வோம், பொருளீட்டியபின் ஈவோம் என நாம் நாள் கடத்துகின்றோம். பவுண்ட்ஸ் தொழிலை விட்டுத் தொண்டு செய்தாரல்லர், தொழிலினிடையே செய்தார். மிச்சத்தை ஈந்தாரல்லர், அவரிடம் மிச்சமே இல்லை. இருந்த இடத்தையும், கைவேலை செய்யும் நேரத்தையும், தாம் அறிந்த சிறிதளவு கல்வியையும் பகிர்ந்தார். அவரினும் மிகுதியாகக் கற்றுள்ள நாம், நம் வாயிற்புறத்தே எழுத்தறியாது திரியும் ஒரு சிறுவனையேனும் இதுவரை பெயர் கூறி அழைத்ததுண்டா? இவ்வினாவிற்கு நாணாது விடை கூறும் நாளே நாம் கற்ற கல்வி பயன்பெறும் நாளாம்.