வியன்னாவுக்குத் தண்ணீர், உலகுக்குக் கோண்டுவானா

நம் குடியிருப்பில் நாலு பேர் கூடினால் முதலில் வரும் பேச்சு தண்ணீர்தான். போர்வெல்லில் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது, லாரி எப்போது வரும், சம்ப் கழுவி எத்தனை நாளாயிற்று என்று யாராவது கேட்காத கூட்டம் உண்டா? அதனால் இந்த இதழில் ஒரு ஊரின் தண்ணீருக்காக உழைத்த ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அவர் பெயர் எடுவார்ட் சூஸ். தொழில் முறையில் நிலவியல் அறிஞர். உங்கள் பிள்ளைகளின் புவியியல் பாடத்தில் கோண்டுவானா என்ற பழங்கண்டம் வருகிறதல்லவா, அதற்குப் பெயர் வைத்தவர் இவர்தான்.

சூஸ் 1831-ல் லண்டனில் பிறந்தார். அப்பா கம்பளி வியாபாரி. குழந்தைக்கு மூன்று வயதானபோது குடும்பம் பிராக் நகருக்குப் போனது. பிறகு 1845-ல் வியன்னாவில் குடியேறியது. 1848-ல் அங்கே மக்கள் கிளர்ச்சி வெடித்தபோது மாணவரான சூஸும் அதில் கலந்துகொண்டார். பின்னால் கொஞ்ச நாள் சிறையிலும் இருந்தார். பிராக் பக்கத்துப் பாறைகளில் கிடைத்த புதைபடிவங்கள்தான் அவரை நிலவியலுக்கு இழுத்தன. டாக்டர் பட்டம் வாங்காதவர். ஆனாலும் 1857-ல் வியன்னா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது.

உலகத்தின் பாறைகளை ஆராய்வதற்கு முன்பு, தான் குடியிருந்த ஊரின் மண்ணைத்தான் அவர் ஆராய்ந்தார். 1862-ல் வியன்னா நகரத்தின் நிலத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் காலத்து வியன்னாவில் பெரும்பாலான வீடுகளுக்கு முற்றத்துக் கிணறுதான் தண்ணீர். பக்கத்திலேயே கழிவுக்குழி, கொஞ்சம் தள்ளி இடுகாடு. சரளை மண்ணில் கழிவு எப்படி இறங்கி, எந்த அடுக்கு வழியாகக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது என்பதை அவர் விளக்கினார். டைபாய்டும் காலராவும் அந்த ஊரை விடாமல் துரத்திக்கொண்டிருந்த காலம் அது.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1863-ல் நகர மன்ற உறுப்பினராகி, தண்ணீர்க் குழுவில் முன்னின்று உழைத்தார். டான்யூப் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது, அதை வடிகட்டிக் கொடுத்தால் போதாதா, மலையிலிருந்து கொண்டுவர இவ்வளவு செலவு எதற்கு என்று எதிர்ப்பு வந்தது. சூஸ் விட்டுக்கொடுக்கவில்லை. தென்மேற்கே ஆல்ப்ஸ் மலையின் சுண்ணாம்புப் பாறைகளில் பனியும் மழையும் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியில் தண்ணீர் புகாத அடுக்கைத் தொட்டதும் ஊற்றாக வெளியே வருகின்றன. அந்த ஊற்றுகளிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தூரத்துக்குக் கால்வாய் அமைத்தார்கள். பம்ப் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடிவரும் தண்ணீர்.

1873-ல் வியன்னாவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதே கோடையில் காலராவும் பரவியது. அந்த அக்டோபர் 24-ம் தேதி, நகரின் நடுவே புதிய நீரூற்று வானத்தை நோக்கிப் பீய்ச்சியடிக்க, மலைத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. அதன் பிறகு டைபாய்டு சாவுகள் வெகுவாகக் குறைந்தன. 150 ஆண்டுகள் தாண்டியும் அந்தப் பாதையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி கோண்டுவானாவுக்கு வருவோம். 1883 முதல் 1909 வரை, பூமியின் முகம் என்று பொருள்படும் பெயரில் ஒரு பெருநூலைச் சூஸ் பகுதி பகுதியாக வெளியிட்டார். பல நாட்டு நிலவியலாளர்களின் அறிக்கைகளை வரவழைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர் வழி. இந்தியாவின் நிலக்கரி அடுக்குகளில் நாக்கு வடிவ இலை ஒன்று புதைபடிவமாகக் கிடைத்திருந்தது. குளோசாப்டெரிஸ் என்ற அந்தச் செடிக்கு வயது 25 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதே இலை தென் ஆப்பிரிக்காவிலும் இருந்தது. நடுவில் இவ்வளவு பெரிய கடல் இருக்க, செடி எப்படித் தாண்டியிருக்கும்? இவையெல்லாம் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்திருக்க வேண்டும் என்று சூஸ் முடிவு செய்தார். இந்தியாவின் அந்தப் பாறை அடுக்குகளுக்கு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் ஏற்கெனவே கோண்டுவானா என்று பெயரிட்டிருந்தார்கள். கோண்டு மக்கள் வாழும் மத்திய இந்தியப் பகுதியின் பெயர் அது. அவர்கள் பேசும் கோண்டி, நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி. சூஸ் அந்தப் பெயரையே எடுத்து 1885-ல் பழங்கண்டத்துக்குச் சூட்டினார்.

ஒரு விஷயத்தில் அவர் தவறினார். பூமி சூடு ஆறிச் சுருங்குகிறது, வாடிய ஆப்பிளின் தோல் போல அதன் மேற்பரப்பு மடிகிறது என்று நம்பினார். கண்டங்களுக்கு இடையே இருந்த நிலம் கடலில் மூழ்கிவிட்டது என்பது அவர் கணக்கு. ஆனால் கண்டங்களின் பாறை எடை குறைந்தது, அதற்கு அடியில் இருப்பது எடை மிகுந்தது என்று பிரித்துச் சொன்னவரும் அவரேதான். லேசான கண்டம் கனமான அடித்தளத்துக்குள் எப்படி மூழ்கும் என்று ஆல்ஃபிரெட் வெகனர் கேட்டார். நிலம் மூழ்கவில்லை, விலகிப் போனது என்று 1912-ல் சொன்னார். உலகம் அதை ஏற்றுக்கொள்ள 1960-கள் வரை ஆயிற்று. சூஸ் 1914 ஏப்ரலில் காலமாகிவிட்டார். அவர் சொன்ன காரணம் போய்விட்டது. அவர் கண்ட கண்டமும் வைத்த பெயரும் நிலைத்துவிட்டன.

அந்தக் கோண்டுவானாவின் ஒரு துண்டின் மேல்தான் நாமும் குடியிருக்கிறோம். சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் தெரியும் கருநீலப் பாறையின் பெயர் சார்னோகைட். வயது சுமார் 250 கோடி ஆண்டு. இந்த வகைப் பாறை இலங்கையிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்க்டிகாவிலும் உண்டு. இத்தகைய கெட்டிப் பாறையில் தண்ணீர் தங்குவது வெடிப்புகளிலும், மேலே சிதைந்து கிடக்கும் பகுதியிலும் மட்டுந்தான். எவ்வளவு ஆழம் துளைத்தாலும், வெடிப்பு இல்லாத இடத்தில் தண்ணீர் கிடைக்காது.

அடுத்த முறை இன்னொரு போர்வெல் போடலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தால், ஆழத்தை மட்டும் கேட்காதீர்கள். கீழே இருப்பது என்ன பாறை, செப்டிக் டேங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, மொட்டைமாடி மழைத் தண்ணீர் எங்கே போய் இறங்குகிறது என்றும் கேளுங்கள். 1862-ல் தன் ஊரைப் பார்த்துச் சூஸ் கேட்டதும் இதே மாதிரியான கேள்விகளைத்தான்.