டி.வி.எஸ். என்பது வண்டியின் பெயர் மட்டுமல்ல... ஓர் ஆளின் பெயர்! பாடி ஃபேக்டரிகளுக்கு முன்னால் ஓடிய கரி பஸ்ஸின் கதை

அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் பஸ் ஏறுபவர்களுக்கு 'லூகாஸ் டி.வி.எஸ்.' என்பது ஒரு ஸ்டாப்பிங். பாடியைச் சுற்றி முளைத்த வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் எல்லாமே லாரி, பஸ்ஸில் தேய்ந்து போகும் பாகங்களைச் செய்யப் பிறந்த கம்பெனிகள். இவற்றுக்குப் பின்னால் இருக்கும் பெயர், திருக்குறுங்குடி வெங்கராம் சுந்தரம் அய்யங்கார். சுருக்கமாக, டி.வி.எஸ். யார் இவர்?

வக்கீல், ரயில்வே, பேங்க்... அப்புறம் பஸ்!

1877-ல் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். அப்பா ஆசைப்பட்டபடி வக்கீலானார். பிறகு ரயில்வே வேலை, பேங்க் வேலை. மாசம் பிறந்தால் சம்பளம் வரும் அந்த வாழ்க்கையை உதறிவிட்டு, 1911-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அடுத்த வருஷமே பஸ் விட்டார். அப்போது வயது 35. சாலையில் ஓடியதெல்லாம் பெரும்பாலும் மாட்டு வண்டிதான்.

பஸ் வாங்குவது பெரிய விஷயமில்லை. அதை ஓட வைப்பதுதான் பெரிய விஷயம். இன்ஜின், சேசிஸ் எல்லாம் கப்பலில் வர வேண்டும். சாலையோ கப்பிக்கல்லும் புழுதியும். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்கில் புழுதி புகுந்தால், வழுக்க வேண்டிய கிரீஸே அரைக்கும் பசையாக மாறிவிடும். உருளைகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழும், சூடேறும், ஊளைச் சத்தம் கேட்கும். அப்படியும் கவனிக்காவிட்டால் சக்கரம் இறுகி, வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

இன்ஜினுக்குள் நிலைமை இன்னும் மோசம். அந்தக் காலத்து கிராங்க் ஷாஃப்ட் பேரிங் என்பது வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றி, ஃபிட்டர் கையால் சுரண்டிச் சரிசெய்வது. ஆயில் குறைந்தால் கலவை உருகி ஓடும், இன்ஜின் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பிக்கும். ஆக, காலை பஸ் கிளம்புமா கிளம்பாதா என்பது முந்தின ராத்திரி ஷெட்டிலேயே முடிவாகிவிடும்.

டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி பண்ணுவார்கள் என்று மதுரைப் பக்கம் இன்றும் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்தப் பேர் டிரைவரால் மட்டும் வந்ததல்ல, ஒர்க் ஷாப்பாலும் வந்தது. டயர் தேய்ந்தால் தூக்கிப் போடாமல் ரீட்ரெட் செய்ய ஃபேக்டரி, மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று தொழில் கிளை விட்டது.

பெட்ரோல் இல்லை, பஸ் ஓடியது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. பஸ்ஸை ஷெட்டில் நிறுத்த வேண்டிய நிலை. அப்போது வந்ததுதான் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'. தொட்டியில் மரக்கரியைப் போட்டு, காற்றைக் குறைத்து எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதுதான் பெட்ரோலுக்குப் பதில் எரிபொருள். ஒரு சிக்கல் என்னவென்றால், வாயுவைக் குளிரவைத்து வடிகட்டாமல் விட்டால் சாம்பலும் தாரும் சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். இழுவையும் குறைவு. கிளம்புவதற்கு முன் கரியைக் கனிய வைக்கவே நேரம் பிடிக்கும். இருந்தும் வண்டி ஓடியது, அதுதானே முக்கியம்!

வீட்டுக்குள்ளும் ஒரு மாற்றம் நடந்தது. சிறு வயதில் கல்யாணமாகி, கணவரை இழந்த மகள் சௌந்தரம் படித்து டாக்டரானார். 1940-ல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். வைதீகக் குடும்பத்தில் அது லேசான விஷயமில்லை. திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை இருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள்.

கைவிட்டுப் போன வியாபாரம்

சுந்தரம் மோட்டார்ஸ் அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் மிகப்பெரிய விநியோகஸ்தர்களில் ஒன்று. 1953-ல், இங்கேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்ற நிலைக்கு அரசு வந்தது. மறு வருஷமே ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் வண்டி பூட்டுவதை நிறுத்தியது. விற்பதற்கு வண்டியே இல்லை என்றால் என்ன செய்வது?

அதற்கான பதிலை அவர் பார்க்கவில்லை. 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் காலமானார். வயது 78.

பதில் சொன்னது மகன்கள். விற்றுக்கொண்டிருந்த பாகங்களைச் செய்யவே இறங்கினார்கள். 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் ஸ்டார்ட்டர், டைனமோவுக்கு லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவும், ஏர் பிரேக்குக்கு சுந்தரம் கிளேட்டனும். பிரிட்டிஷ் கம்பெனிகளின் கூட்டு, இடம் பாடி. அதே நேரத்தில் ஆவடியில் டாங்கி ஃபேக்டரி எழுந்தது. பக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் புஷ், பின், கியர் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் பெருகின. மதுரையில் ஓடிய பஸ்களோ 1970-களின் தொடக்கத்தில் அரசு வசம் போய், பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின.