கடலடியிலிருந்து விண்வெளி வரை: பொறியியல் மேதை இசாயெவ்

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்து ஏறி இறங்கியோர் ஓர் உண்மையை அறிவர். மலையேற வலிமை வேண்டும். இறங்குதற்கோ வலிமையோடு அடக்கமும் வேண்டும். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்தது. அங்கும் சுமையைச் சேதமின்றி இறக்கி வைப்பதே திறமையாக இருந்தது. அவ்வாறே ஆற்றலைப் பெருக்கவும் அதனை அடக்கி ஆளவும் கற்றவர் சோவியத் நாட்டுப் பொறியியல் மேதை அலெக்சி மிகைலோவிச் இசாயெவ் ஆவார்.

1908ஆம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்த அவர் பயின்றது சுரங்கப் பொறியியல். எனினும் உள்ளம் வானையே நாடியமையால், 1934இல் விமான வடிவமைப்புக் குழுவொன்றில் சேர்ந்தார். நண்பர் பெரெஸ்னியாக்குடன் இணைந்து அவர் வடிவமைத்த ராக்கெட் விமானம் 1942 மே 15 அன்று முதன்முதலாகப் பறந்தது. மறு ஆண்டு மார்ச்சில் நடந்த சோதனைப் பறத்தலில் அதன் விமானி பக்சிவான்ஜி உயிரிழந்தார். திரவ எரிபொருள் எந்திரங்களே அதன்பின் இசாயெவின் வாழ்நாட் பணியாயின.

1955 செப்டம்பர் 16 அன்று வெண்கடலில் உலகிலேயே முதன்முறையாக ஒரு நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பாலிஸ்டிக் ஏவுகணை ஏவப்பட்டது. அதன் எந்திரம் இசாயெவ் உருவாக்கியது. கப்பல் நீர்மேல் வந்த பின்னரே அதனை ஏவ இயன்றது. மாலுமிகள் உண்டு உறங்கும் குறுகிய கலத்தினுள், ஒன்றையொன்று தொட்டவுடனே பற்றிக்கொள்ளும் நச்சுத் திரவங்களைச் சேமித்தல் எளிதன்று. கப்பலின் உயரமோ ஏவுகணையின் நீளத்திற்கு வரம்பிட்டது. இவ்விரண்டிற்கும் தீர்வு 1968இல் படையில் சேர்ந்த ஆர்-27 ஏவுகணையில் கிட்டியது. எந்திரத்தையே எரிபொருள் தொட்டியினுள் மூழ்கவைத்து நீளத்தைக் குறைத்தார் இசாயெவ். திரவங்கள் தொழிற்சாலையிலேயே நிரப்பப்பட்டு, தொட்டிகள் பற்றவைத்து மூடப்பட்டன. கடலுக்கடியிலிருந்தே அதனை ஏவவும் முடிந்தது.

அழிவுக்கருவி சமைத்த அதே கை, ஓர் உயிரையும் காத்தது. 1961 ஏப்ரல் 12 அன்று விண்ணில் உலகைச் சுற்றிய யூரி ககாரினை மண்ணுக்கு மீட்டது இசாயெவின் வேகத்தடை எந்திரமேயாகும். அது ஏறத்தாழ நாற்பது விநாடிகளே எரிய வேண்டும். ஆனால் தவறாது எரிய வேண்டும். அதற்கு மாற்று எந்திரம் கலத்தில் இல்லை. எந்திரம் எரிந்து தன் பணியை முடித்தது. வீரர் நலமுடன் திரும்பினார்.

1971 ஜூன் 25 அன்று இசாயெவ் மறைந்தார். 1986 அக்டோபரில், அட்லாண்டிக் கடலில் கே-219 என்னும் நீர்மூழ்கியின் ஏவுகணைக் குழாயினுள் கடல்நீர் புகுந்தது. ஆர்-27 வகை ஏவுகணையின் திரவம் கசிந்து வெடித்தது; மாலுமிகள் சிலர் மாண்டனர், கப்பலும் மூழ்கியது. எத்துணைத் திறமையாக மூடிவைப்பினும், அழிவாற்றல் தன்னைச் சுமப்போரையும் விட்டுவைப்பதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

அவர்தம் அறிவின் மற்றொரு கனி நம் நாட்டை வந்தடைந்தது. நிலவுப் பயணத்திற்கென அவரது வடிவமைப்பகம் 1960களில் உருவாக்கிய ஹைட்ரஜன் எந்திரம் தன் தாய்நாட்டில் பறக்கவேயில்லை. அதன் வழிவந்த எந்திரமே, 2001 ஏப்ரல் 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நமது முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேலடுக்கில் எரிந்தது. பின்னர் நம் அறிஞர்கள் தாமே ஆக்கிய கிரையோஜெனிக் எந்திரம் 2014 ஜனவரி 5 அன்று வெற்றி கண்டது.

நிலவின் மறுபக்கத்தில் ககாரின் பெயர்கொண்ட பெரும்பள்ளத்தின் உள்ளேயே இசாயெவ் பெயரிலும் ஒரு பள்ளம் உண்டு. ஏவுகணை எந்திரங்கள் பல ஆக்கியவரின் பெயர், தாம் மீட்டுத் தந்த மனிதரின் பெயரோடு அங்கே நிலைத்திருக்கிறது.

அறிவு என்பது இறைவன் மனிதனிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பெருக்குவது கடமை; எதற்குப் பயன்படுத்தினோம் என்பதற்கு மறுமொழி கூறுவதும் கடமையேயாகும். நாளை ஆய்வுக்கூடங்களுக்குள் நுழையவிருக்கும் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக!