துறைமுகத்தின் வாசலைத் திருப்பியவர்: சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்



போன மாதம் மொட்டை மாடியில் நின்றிருந்தபோது, ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் ஒரு கேள்வி கேட்டான். மெரினாவில் நடந்து நடந்து கால் வலிக்கும் அளவுக்கு மணல் இருக்கிறதே, ஒரே கடல்தானே, நம் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் மட்டும் ஏன் மணலே இல்லாமல் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று. சுற்றி இருந்த பெரியவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னோம். ஒன்றும் சரியாக இல்லை. அந்தக் கேள்விக்கான பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையோடு சேர்ந்து கிடக்கிறது. அதனால் இந்தக் காலாண்டில் அவரைப் பற்றியே எழுதிவிட்டோம்.

அவர் பெயர் பிரான்சிஸ் ஜோசப் எட்வர்ட் ஸ்பிரிங். 1849ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தவர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்து, 1870இல் இந்திய அரசுப் பணியில் எஞ்சினியராகச் சேர்ந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில் பாதையும் பாலமும்தான் அவர் வாழ்க்கை. கிழக்குக் கரையோர ரயில் பாதை வேலைகளில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளத்தில் ஓடிப் போக்குக் காட்டும் ஆறுகளைக் கரை கட்டிப் பாலத்துக்கு அடியிலேயே ஓட வைப்பது எப்படி என்று 1903இல் ஒரு நூல் எழுதினார். ஓடும் தண்ணீர் மணலை எங்கே எடுக்கும், எங்கே போடும் என்பதில் அவருக்கு இருந்த பழக்கம்தான் பிறகு நம் ஊருக்கு உதவியது.

கடலுக்கும் கரைக்கும் நடுவே

ஸ்பிரிங் வருவதற்கு முன்னால் சென்னையில் கப்பல் ஏறி இறங்குவது எப்படி இருந்தது தெரியுமா? கப்பல் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் வர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னை நாரால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அப்படியும் நனையாமல் கரை சேர்ந்தவர் குறைவு.

அலை ஏன் கரைக்கு அருகில் மட்டும் அவ்வளவு மூர்க்கமாக இருக்கிறது? நடுக்கடலில் ஒரு மிதவையைப் பாருங்கள். அலை கடந்து போகும்போது அது மேலே ஏறிக் கீழே இறங்கி ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். அலை தண்ணீரைச் சுமந்து வருவதில்லை, ஆற்றலைச் சுமந்து வருகிறது. ஆழம் குறையும் இடத்தில் அலையின் வேகம் குறைகிறது. பின்னால் வரும் அலை நெருக்குகிறது, உயரம் கூடுகிறது. அலையின் உயரமும் தண்ணீரின் ஆழமும் ஏறக்குறைய சமமாகும் இடத்தில் அது தலைகுப்புற உடைகிறது. எங்கிருந்தோ காற்று கொடுத்த ஆற்றல் முழுவதும் அந்தச் சில அடி அகலத்தில் கொட்டப்படுகிறது. மசூலாப் படகு தாண்ட வேண்டிய இடமும் அதுதான்.

1861இல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் கட்டிப் பார்த்தார்கள். புயல் அதைச் சும்மா விடவில்லை. பிறகு 1875இல் செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியது. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு கை நீட்டியது போல இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள். இரண்டும் கிழக்கே நெருங்கி வந்து நடுவில் ஒரு வாசல் விட்டன.

டைட்டனும் நம் லிஃப்டும்

அந்தச் சுவருக்குப் பெரிய பெரிய கான்கிரீட் கற்களைக் கடலில் இறக்க வேண்டும். அதற்கு டைட்டன் என்ற ராட்சத கிரேன்கள் வந்தன. கட்டி முடித்த சுவரின் மேலேயே தண்டவாளத்தில் நின்று, கையை நீட்டி அடுத்த கல்லை முன்னால் வைக்கும். பார்க்கப் பிரமாண்டம், உள்ளே இருப்பது குழந்தைகள் ஆடும் சீசாப் பலகைதான். ஒரு கல் 20 டன் என்று வைத்துக்கொள்வோம். அது கிரேனின் நடுவிலிருந்து 18 மீட்டர் தள்ளித் தொங்கினால், பின்பக்கம் 9 மீட்டரில் 40 டன் எடை இருந்தால்தான் கிரேன் கவிழாது. எடையையும் தூரத்தையும் பெருக்கி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூக்குவதற்குக் கப்பி. கயிறு நான்கு வரிசையாக ஓடும் கப்பியில், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், நான்கில் ஒரு பங்கு பலம் போதும். ஆனால் கல் ஒரு மீட்டர் ஏற, நாம் நான்கு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். பலத்தில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கட்டித்தான் ஆக வேண்டும். பலமும் தூரமும் பெருகி வருவதைத்தான் இயற்பியலில் வேலை என்கிறோம். எந்த எந்திரமும் இந்த வேலையைக் குறைத்துத் தராது. சுமையை நமக்குத் தோதாக மாற்றித் தரும், அவ்வளவே. நம் லிஃப்ட்டும் இதே குடும்பம்தான். கூண்டு ஏறும்போது மறுபக்கம் இரும்பு எடை இறங்குகிறது. மோட்டார் இழுப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். நுழைவாயிலில் சக்கர நாற்காலிக்காகப் போட்டிருக்கும் சரிவும் அப்படியே. பலம் குறைவு, தூரம் அதிகம்.

1881 நவம்பரில் ஒரு புயல் வந்தது. ஏறக்குறைய முடிந்திருந்த சுவரின் மேல் அடுக்குக் கற்களை உருட்டித் துறைமுகத்துக்குள்ளேயே தள்ளியது. இரண்டு டைட்டன்களும் கடலுக்குள் போயின. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். இந்தக் கணக்கை அன்று கடல் நேரில் காட்டிவிட்டது. மறுபடியும் கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஸ்பிரிங் வந்தார்

1904இல் சென்னைத் துறைமுகப் பொறுப்பை ஏற்றபோது ஸ்பிரிங்குக்கு 55 வயது. ஓய்வு பெற வேண்டிய வயதில் புது வேலை. அவர் கையில் வந்த துறைமுகத்துக்கு இரண்டு நோய்கள் இருந்தன.

முதல் நோய், வாசல் நேர் கிழக்கே பார்த்திருந்தது. வங்கக் கடலின் அலை நேராக உள்ளே வரும். சின்ன வாசல்தானே என்று நினைக்கக் கூடாது. அலை ஒரு சந்து வழியாக நுழைந்தால் உள்ளே விசிறி போல விரியும். கப்பல் உள்ளே நின்றும் ஆடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது நோய், மணல். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. அலை ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும்போது தண்ணீர் சரிவில் நேராக இறங்கும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு மணல் துகள் ஓர் அடி வடக்கே நகர்ந்துவிடும். வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் திசை மாறும், ஆனாலும் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். பல லட்சம் டன் மணல் இப்படித் தெற்கிலிருந்து வடக்கே யாத்திரை போகிறது. அதற்குக் குறுக்கே நாம் ஒரு சுவர் கட்டினோம். மணல் சுவரின் தெற்கே தேங்கியது. தேங்கித் தேங்கி, சுவரின் ஓரமாகவே நகர்ந்து கிழக்கு வாசலை எட்டப் பார்த்தது.

ஸ்பிரிங் கடலோடு மல்லுக்கு நிற்கவில்லை, வாசலைத் திருப்பினார். கிழக்கு வாசலை அடைத்துவிட்டு, வடகிழக்கு மூலையில் புது வாசல் திறந்தார். அதற்குக் காவலாக ஒரு நீண்ட சுவரை வடக்கு நோக்கி நீட்டினார். இப்போது அலை உள்ளே வர வேண்டுமானால் அந்தச் சுவரைச் சுற்றி வளைந்து வர வேண்டும். வளையும்போது அலை பரவி உயரம் இழக்கிறது. உயரம் பாதியானால் ஆற்றல் கால்வாசி. மணலுக்கும் புது வாசலை எட்ட நெடுந்தூரம். இந்த வேலை 1911 வாக்கில் முடிந்தது.

தண்ணீர் அமைதியானதும் அடுத்த வேலை. அதுவரை கப்பல் துறைமுகத்தின் நடுவில் நிற்கும், சரக்கு படகுக்கு இறங்கி, படகிலிருந்து மறுபடி கரைக்கு ஏறும். ஒரே மூட்டையை இரண்டு முறை தூக்க வேண்டும். கப்பல் நேராகக் கரையணைந்து நிற்கும் மேடைகள், சரக்குக் கொட்டகைகள், ரயில் யார்டு எல்லாம் அவர் போட்ட திட்டத்தின்படி எழுந்தன. இங்கே ஒரு வேடிக்கை. மூட்டையைத் தலையில் வைத்துச் சமதரையில் ஒரு மைல் நடந்தாலும், இயற்பியல் கணக்கில் மூட்டையின் மேல் செய்த வேலை சுழியம்! தூக்கி வைத்தது மட்டும்தான் கணக்கில் வரும். ராயபுரத்தில் சுமை தூக்கிய குடும்பத்திலிருந்து வந்த நம் மூத்தோரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். கூலியைக் கழுத்தெலும்புதான் முடிவு செய்ய வேண்டும், சூத்திரம் அல்ல.

கணக்கர் ஒருவர்

1912 மார்ச் 1ஆம் தேதி அந்த அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஓர் இளைஞர் சேர்ந்தார். சீனிவாச ராமானுஜன். அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர், தாமும் கணிதம் அறிந்தவர். இந்தப் பையனிடம் இருப்பது சாதாரணச் சரக்கு அல்ல என்று தலைவர் ஸ்பிரிங்கிடம் எடுத்துச் சொன்னார். ஸ்பிரிங்குக்கு அந்தக் கணிதம் முழுவதும் புரிந்திருக்க வாய்ப்பில்லை. புரியாததை ஒதுக்காமல், புரிந்தவர்களைத் தேடினார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1913இல் சென்னை வந்தபோது ராமானுஜனின் தாள்களை அவர் பார்வைக்குக் கொண்டுபோனார். வாக்கர் பரிந்துரைக்க, சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. இங்கிலாந்துப் பயணத்துக்குப் பணம் வேண்டி கவர்னர் தரப்புக்கும் ஸ்பிரிங் எழுதினார். 1914 மார்ச் 17ஆம் தேதி ராமானுஜன் நெவாசா கப்பலில் ஏறியதும், ஸ்பிரிங் அமைதிப்படுத்திய அதே துறைமுகத்தில்தான்.

அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு வீசியபோதும் தலைவர் அவரே. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஊர் காலியானது, நமக்கு எம்டன் என்ற சொல் கிடைத்தது. 1919இல், 70 வயதில் ஸ்பிரிங் பொறுப்பிலிருந்து விலகினார். 1933இல் ஜெர்சி தீவில் காலமானார். சென்னையில் பதிவான முதல் மோட்டார் காரான எம்.சி.1இன் சொந்தக்காரர் என்றும் அவரைச் சொல்வார்கள். துறைமுகப் பகுதியில் ஸ்பிரிங்ஹேவன் சாலை இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

பையனின் கேள்விக்குப் பதில்

தெற்கே தேங்கிய மணல்தான் இன்றைய மெரினாவின் அகலம். வடக்கே வந்து சேர வேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அலை தன் வேலையை நிறுத்தவில்லை. இருந்த மணலை எடுத்துக்கொண்டு வடக்கே போய்க்கொண்டே இருந்தது. ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரை கரை உள்வாங்கியது. மீனவர் வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. அதற்குத்தான் கருங்கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள்.

இதற்கு ஸ்பிரிங்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முதல் சுவர் எழுந்தது அவர் வருவதற்கு 29 ஆண்டுகள் முன்பு. கரையோர மணலின் நடமாட்டத்தை அளந்து எஞ்சினியர்களுக்காகக் கட்டுரை எழுதி வைத்தவரும் அவர். ஆனால் அவர் காப்பாற்ற வந்தது துறைமுகத்தை. வடக்குக் கரையின் கணக்கு அவர் மேசைக்கு வரவில்லை. கப்பியில் பார்த்தோமே, ஒரு பக்கம் மிச்சம் பிடித்தால் இன்னொரு பக்கம் கட்ட வேண்டும் என்று. துறைமுகம் பெற்ற அமைதிக்கு விலை கட்டியது நம் கரை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நமக்கு வடக்கே இன்னும் துறைமுகங்கள் வந்துவிட்டன, பழவேற்காடு வரை மக்கள் இதே கவலையில் இருக்கிறார்கள். நம் பகுதிக் கூட்டத்தில் யாராவது இங்கே இன்னும் கொஞ்சம் கல் போட்டால் போதும் என்று சொல்லும்போது, மணல் அடுத்து யார் வீட்டு முன்னாலிருந்து போகும் என்று ஒருவராவது கேட்க வேண்டும்.

குழந்தைகளுக்கு ஒரு விடுமுறை வேலை. அகலமான தட்டில் ஒரு பக்கம் ஈர மணலைச் சரிவாகக் கட்டி, தண்ணீர் ஊற்றுங்கள். மணலுக்குக் குறுக்கே ஒரு ஸ்கேலைச் செருகி, ஒரு மூலையிலிருந்து சாய்வாக அட்டையால் அலை எழுப்புங்கள். பத்து நிமிடத்தில் ஸ்கேலின் ஒரு பக்கம் மெரினாவும், மறுபக்கம் காசிமேடும் தெரியும். படம் எடுத்து அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறோம்.

— செய்திமடல் குழு